கண்ணாடியைக் கீழே வைத்தாச்சு

கண்ணாடிப் பட்டறையில் அவள் வீட்டுக்காரருக்குச் சரியண்ணன் என்றுதான் பேர். ஆளுயரக் கண்ணாடியை நாலு பேர் தூக்கிப்போகும்போது ஒருத்தன் "ஐயோ" என்றால் போச்சு, மற்றவன் பதறிக் கையை விட்டுவிடுவான். அதனால் கை வெட்டுப்பட்டாலும் முதுகு பிடித்தாலும், கீழே வைக்கிற வரைக்கும் "சரி, சரி" மட்டும்தான் சொல்லவேண்டும். மனுஷர் அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கண்ணாடிச் சட்டம் சரிந்து வலது தோள் நசுங்கிய அன்றைக்குக்கூட "சரி, சரி" என்றுதான் மயங்கி விழுந்தாராம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

கம்பெனி டாக்டர் "எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கும் "சரியாயிடுச்சு சார்" என்றார் மகராசன். அவ்வளவுதான், ஆளுக்கு ஒன்றுமில்லை என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்ட வக்கீலோ அதை வருஷக்கணக்கில் ஆறப்போட்டு, வயசாச்சு என்று ஆபீசையும் மூடிவிட்டார். தோளில் ஆபரேஷன் பண்ணினால் கை மேலே எழும்பும். வழக்கு ஜெயித்தால்தான் ஆபரேஷன். ஆக, புது வக்கீல் வேண்டும்.

முதலில் பார்த்தவர், பழைய கேஸ் என்று முகத்தைச் சுளித்தார். அடுத்தவர் பொறுமையாக, "வலி இருக்கா?" என்றார்.

"பரவாயில்ல சார். சரியா இருக்கு."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

படி இறங்கும்போது அவள் வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் தலையைச் சொறிந்தார். இடது கையால்தான்.

மூன்றாவது வக்கீலம்மாவின் ஆபீஸ் தையல்கடைக்கு மேலே இருந்தது. கீழே மிஷின் ஓட ஓட மேஜைமேல் இருந்த பேனா நகர்ந்தது. வக்கீலம்மா அதைப் பிடித்துக்கொண்டு, "இப்ப தோள் எப்படி இருக்குங்க?" என்றார்.

"சரியா..."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மேடம், இவர் பேச்சை நம்பாதீங்க! சட்டை மாட்டிவிடுறது நான். தலை சீவிவிடுறது நான். தூக்கத்துல மட்டும் முனகுவாரு, விடிஞ்சா சரி, சரின்னு கிளம்பிடுவாரு. கண்ணாடி தூக்கும்போது கத்தக்கூடாதாம். அதான் இப்பவும் கத்தமாட்டேங்கிறாரு!"

வக்கீலம்மா சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

"இப்ப உங்க கையில கண்ணாடி இருக்கா?"

அவர் நிஜமாகவே குனிந்து கையைப் பார்த்தார். "இல்லைங்க."

"அதைக் கீழ வெச்சு ரொம்ப நாளாச்சு. இனிமே யார் மேலயும் விழாது. சொல்லுங்க."

தையல் மிஷின் நின்றிருந்தது. அவர் இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், "வலிக்குதுங்க" என்றார். "ரொம்ப வலிக்குது. சோத்தை வாய்க்குக் கொண்டுபோக முடியல." சொல்லிவிட்டு, தப்பு பண்ணின மாதிரி மனைவியைப் பார்த்தார்.

அவளுக்குக் கண்ணில் நீர் பொலபொலவென்று வந்துவிட்டது. வலி அவளுக்குத் தெரியாததா? ஆனால் அவர் வாயால் இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

"இதையே விசாரணையில சொல்வீங்களா?"

"சொல்றேங்க."

"அப்ப கேஸை நான் நடத்துறேன்."

வெளியே வந்ததும் வழக்குக் கட்டு இருந்த பையை வழக்கம்போல அவரே இடது கையில் தூக்கிக்கொண்டார். இரண்டு படி இறங்கி நின்றார்.

"ஏம்மா, இந்தக் கையும் வலிக்குது."

"அடேங்கப்பா, ஆரம்பிச்சாச்சா! இனிமே வீடு தாங்காது போலயே" என்று அவள் சிரித்தாள். எத்தனையோ நாளுக்கப்புறம் மனசு லேசாக இருந்தது. ஒரு படி இறங்கி, பையின் காதைப் பிடித்தாள். அவர் விடவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, சரி" என்றாள் அவள். "பிடிச்சுட்டேன். விடுங்க."

அவர் விட்டார்.