மாடியில் விழித்திருப்பவர்

நெஞ்சுவலி வந்து பிழைத்தவர்களின் மரபணுக்கள் அந்த ஊரில் அவரவர் வீட்டு மாடியில் குடியிருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வீடு திரும்புவதற்குள் வந்து சேர்ந்துவிடும். பார்க்க மனிதர்கள்தான். எல்லோருக்கும் குடும்பச் சாயல் இருக்கும். மொட்டை மாடி மட்டும் உள்ள வீட்டுக்காரர்கள் அவசரமாகத் தகரக் கூரை போட்டுக்கொள்வார்கள். குடித்தனம் வந்தவர்களை மழையில் நனையவிட முடியுமா?

வெயிலுமுத்துவுக்கு வலி வந்தது, ஒரு பெண்ணுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது. அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அடுத்த தெருவில் பால் வாங்கவும் காரில்தான் போவார். அவருக்குக் கடவுள் கால் கொடுத்தது பிரேக்கையும் கிளட்சையும் மிதிக்கத்தான் என்று ஊரில் கேலி உண்டு. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வீட்டு வாசலில் இறங்கியபோதே மாடியில் பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. மனைவி உலகம்மாள் கல்யாண மண்டபத்திலிருந்து ஜமுக்காளங்கள் கேட்டு வாங்கி மேலே போட்டு வைத்திருந்தாள்.

மேலே இருப்பவர்கள் பேசினால் கீழே கேட்காது. நடக்கிற, வேலை செய்கிற சத்தம் மட்டும் கேட்கும். கீழே பேசுவதெல்லாம் மேலே கேட்கும் என்று சொல்வார்கள்.

"தினமும் நடங்க" என்றார் டாக்டர் ஜெபமணி. "நடந்தா, நல்லது செய்யறவங்க எழுந்து வேலைய ஆரம்பிப்பாங்க. கெடுதல் செய்யறவங்க படுத்துருவாங்க. ரெண்டும் மெதுவாத்தான் நடக்கும். அவசரப்படுத்தாதீங்க."

வெயிலுமுத்து நடந்தார். விடிந்ததும் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, தீப்பெட்டி ஆபீசைத் தாண்டி, தண்ணீரில்லாத கண்மாய்க்கரை வரை போய்த் திரும்புவார். முதலில் மாடி அமைதியாகக் கிடந்தது. அப்புறம் ஒருநாள் அவர் திரும்பி வந்து திண்டில் சாய்ந்தபோது, தலைக்கு மேல் யாரோ எழுந்து சோம்பல் முறித்து நடக்கும் சத்தம் கேட்டது. மறுவாரம் இன்னும் இரண்டு பேர். ஒருவர் பெருக்கினார். ஒருவர் எதையோ சுரண்டிச் சுத்தம் செய்தார். பெருக்குகிறவளுக்கு உங்கள் அத்தையின் மூக்கு என்று உலகம்மாள் பார்த்து வந்து சொன்னாள். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஓரத்தில் ஒருவர் மட்டும் வந்த நாள் முதல் படுக்கவே இல்லை.

"யாரு அது?" என்று கேட்டார்.

"மாமாதான்" என்றாள் உலகம்மாள். "அவுக மாதிரியே இருக்காக. அதே வழுக்கை, அதே துண்டு. குழாய்க்குப் பக்கத்துல குத்தவச்சு உக்காந்திருக்காக."

வெயிலுமுத்து அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அவர் அப்பா அய்யாக்குட்டி, கண்மாய் வறண்ட ஒரு வருஷத்தில், சோற்றுக்கு உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவர். அய்யாக்குட்டியின் அப்பாவும் அப்படித்தான் போனார். அது தண்ணீருக்குச் செத்த ஊர். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அய்யாக்குட்டி வாழ்ந்த காலமெல்லாம் வீட்டில் ஒரு சொட்டு வீணாக விட்டதில்லை. அடுத்த வீட்டுக் குழாய் சொட்டினாலும் சுவர் ஏறிக் குதித்து மூடிவிட்டு வருவார்.

மாடியில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இன்னொரு குழாய் வந்திருந்தது. வெதுவெதுப்பான குழாய். அதில் ஒரு வால்வு. அந்த வால்வைப் பிடித்தபடிதான் மேலே இருந்தவர் விழித்திருந்தார். கீழே யாராவது தண்ணீரை ஓடவிட்டால் அவர் வால்வைக் கொஞ்சம் திருகுவார். திருகியதும் வெயிலுமுத்துவின் மார்பில் யாரோ முழங்காலை ஊன்றியது போல இருக்கும். திறந்து ஓடிய குழாயை மூடினாலும், திருகியதை அவர் திருப்பித் திறப்பதில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் பயந்து பயந்து பல் விளக்கினார்கள். உலகம்மாள் பாத்திரத்தைச் செம்பில் மொண்டு மொண்டு கழுவினாள். குளியலறைக் குழாய் லேசாகக் கசிந்தபோது வெயிலுமுத்து அதில் துணியைச் சுற்றி, பிளம்பர் வரும்வரை கையால் பொத்திக்கொண்டு நின்றார். பிளம்பர் எதுவும் கேட்கவில்லை. அவர் வீட்டு மாடியிலும் ஆட்கள் இருந்தார்கள்.

அதே தெருவில் டெலிபோன் ஆபீசிலிருந்து ஓய்வுபெற்ற இன்னாசிமுத்து இருந்தார். காலையில் வெயிலுமுத்துவோடு கூட நடந்தவர். மழைக்காலத்தில், சளி பிடிக்கும் என்று நடையை விட்டுவிட்டார். அவர் வீட்டு மாடியில் எழுந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் படுத்துக்கொண்டார்கள். ஒருநாள் மேலே சத்தமே இல்லை. மறுநாள் சவப்பெட்டியைத் தூக்கியபோது, மேலே இருந்தவர்கள் பாய்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையாக இறங்கிப் போனார்கள். கடைசியாகப் போனவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அதை வெயிலுமுத்து பார்த்துவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து வெயில் ஏறும்வரை நடந்தார்.

நடையால் மற்றவர்கள் எல்லாம் டாக்டர் சொன்னபடி நடந்துகொண்டார்கள். முரட்டுத்தனமாகக் குழாயைச் சுரண்டிப் புண்ணாக்கிய ஒருவன் படுத்துக் குறட்டை விட்டான். விரிசலைப் பூசும் ஒருத்தி எழுந்தாள். அய்யாக்குட்டியின் முகம் கொண்டவர் மட்டும் அசையவில்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னார்கள்.

"மாடிக்கு ஏதாவது குடுத்தனுப்புறீங்களா?" என்று டாக்டர் ஜெபமணி கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்" என்றார் வெயிலுமுத்து.

உலகம்மாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "மாமாவுக்கு மட்டும் காலையில ஒரு காபி, சாயந்தரம் ஒரு காபி" என்றாள். "மாமனார் முழிச்சு உக்காந்திருக்கையில நாம எப்படிங்க கீழே குடிக்கது? நான் உள்ளகூடப் போறதில்ல. மேல்படியில வச்சிட்டு, மாமா, காபி வச்சிருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருவேன்."

டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். "நிறுத்திருங்க" என்றார்.

வெயிலுமுத்துவால் அவள்மேல் கோபப்பட முடியவில்லை. அப்பா உயிரோடு இந்த மாடியில் இருந்தபோதும் இவள் அப்படித்தான் மேல்படியில் காபி வைப்பாள். அப்பாவும் அதைக் குடித்துவிட்டு, டம்ளரை ஒரு வாய்த் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரையும் குடித்துவிட்டுத் தருவார்.

மறுநாள் காபி போகவில்லை. வெயிலுமுத்து கண்மாய்க்கரைக்குப் போகும் வழியில் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மார்பில் முழங்கால் இல்லை. முழு ஆளே ஏறி உட்கார்ந்திருந்தார். வியர்வை கண்ணுக்குள் வடிந்தது. செத்துவிடுவோம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பயம் வாய்க்குள் நாணயம் போலக் கசந்தது. யாரோ ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள்.

"மாமாவுக்குக் கோபம்" என்றாள் உலகம்மாள். அவள் அழுதுகொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். "ஒரு வாய்க் காபிதானங்க. குடுத்துருதேனே."

"குடுத்தா அவுக படுக்க மாட்டாக. குடுக்காட்டி நான் இருக்க மாட்டேன்" என்றார் வெயிலுமுத்து. "அடுப்ப அணை. நானே மேலே போய்க் கேக்கேன்."

நோயாளி தன் மாடிக்கு ஏறுவது அந்த ஊரில் வழக்கமில்லை. ஏறக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. அவர் ஷூவைக் கழற்றி வாசலில் விட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று ஏறினார்.

மேலே நல்ல வெளிச்சமாக இருந்தது. பாய்களில் பலர் உறங்கிக் கிடந்தார்கள். ஒரு பையனுக்கு அவருடைய காது. பெருக்கிக்கொண்டிருந்தவள் அவர் நடக்க வழிவிட்டு ஒதுங்கினாள். குழாயருகே அய்யாக்குட்டி குத்தவைத்திருந்தார். கையில் வால்வு.

"செருப்பக் கழட்டிட்டு வாலே" என்றார்.

வெயிலுமுத்து கழற்றிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். பக்கத்தில் பார்க்க, அப்பாவின் கண்கள் சிவந்து கிடந்தன. எத்தனையோ காலமாக உறங்காத கண்கள். அதைப் பார்த்ததும் பயத்தோடு இரக்கமும் சேர்ந்துகொண்டது.

"கொஞ்சம் படுங்களேம்பா."

"படுக்கலாம். கை எடுத்தா யாரு பிடிக்க?"

"பிடிக்காட்டி என்னப்பா?"

"வீணாப் போவும்ல" என்றார் அய்யாக்குட்டி. "எங்கப்பா எங்கையில குடுத்தாரு. விட்டுட்டுப் படுக்க முடியுமா?"

வெயிலுமுத்து குழாயைப் பார்த்தார். அது துடித்துக்கொண்டிருந்தது. கீழே உலகம்மாள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வேறு வழி எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

"நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றார். "நீங்க படுங்க."

அய்யாக்குட்டி அவரை ஒருமுறை பார்த்தார். வால்வை அவர் கையில் பிடித்துக் கொடுத்தார். துண்டை உதறி விரித்துப் படுத்தார். படுத்ததும் உறங்கிப்போனார். வெயிலுமுத்து வால்வை மெதுவாகத் திறந்தார். குழாய் ஓட்டமெடுத்துச் சூடேறியது. பாய்களில் கிடந்தவர்களில் நல்லது செய்கிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்கள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இனிப் பயமில்லை.

அப்போது கீழே யாரோ கான்வாஸ் ஷூவைத் தட்டி மாட்டுகிற சத்தம் கேட்டது.

"மாமா படுத்துட்டாகளா?" என்றாள் உலகம்மாள்.

"படுத்துட்டாக" என்றது வெயிலுமுத்துவின் குரல். "பாதியில விட்ட நடைய முடிச்சிட்டு வாரேன்."

"பாத்துப் போயிட்டு வாங்க."

காலடிகள் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, வேகமாக, திடமாகப் போயின. வெயிலுமுத்து மேலே உட்கார்ந்து அவற்றை எண்ணாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல நடை. மூச்சிரைப்பு இல்லாத நடை. கையில் குழாய் ஒழுங்காகத் துடித்தது.

பிறகு அடுப்படியில் குழாய் திறக்கும் சத்தம். உலகம்மாள் பயம் தெளிந்தவளாய், வெகுநாளைக்குப் பிறகு பாத்திரங்களைத் தாராளமாகத் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவினாள். தண்ணீர் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. குடம் ஒன்றை எடுத்து வைக்க நகர்ந்தவள் குழாயை மூடாமல் போனாள்.

"ஒலகம்மா, குழாய மூடு" என்றார் அவர். மேலே பேசுவது கீழே கேட்காது.

மூடுவாள் என்று பொறுத்துப் பார்த்தார். தண்ணீர் சாக்கடைக்குள் விழும் சத்தம் காதுக்குள் விழுந்தது. கண்மாய் வறண்டு கிடப்பது நினைவுக்கு வந்தது. கொஞ்சம்தான், லேசாக, வால்வைத் திருகினார்.

தெருக்கோடியில் காலடிகள் நின்றன.

அடுப்படிக் குழாய் சட்டென்று மூடப்பட்டது. பிறகு அடுப்பு பற்றியது. பால் பொங்கும் வாசனை வந்தது. படிகளில் உலகம்மாளின் கால்கள் தயங்கித் தயங்கி ஏறின. மேல்படியில் டம்ளர் வைக்கப்பட்டது.

"மாமா, காபி வச்சிருக்கேன்" என்றாள், உள்ளே பார்க்காமல்.

வெயிலுமுத்து ஒரு கையால் வால்வைப் பிடித்தபடி எட்டி எடுத்துக் குடித்தார். டம்ளரை ஒரு வாய்த் தண்ணீரில் கழுவி, அதையும் குடித்தார். காபி திக்காக இருந்தது. உறக்கம் வருவதாகவே இல்லை.