அதுக்குப் பதிலா எந்த ஊர்?

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவேன். "வரும்போது உப்பு வாங்கிட்டு வா" என்று வீட்டுக்காரர் போனில் சொன்னால், "வரும்போது உப்பு வாங்கிட்டு வரணும்" என்பேன். அவர் "சரி" என்று சொல்லும்வரை போனை வைக்க மாட்டேன். கல்யாணமான புதிதில் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இது வேலை கொடுத்த வியாதி என்று அவருக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின.

நான் மின்வாரியக் கண்ட்ரோல் ரூமில் ஷிஃப்ட் பொறுப்பாளர். மின்சாரம் பற்றாமல் போனால் எந்த ஊரின் லைனை நிறுத்துவது என்று சப்ஸ்டேஷனுக்குப் போனில் சொல்வது என் வேலை. உத்தரவு போடுகிறவர், தான் யார் என்பதைச் சொல்லிவிட்டு, தன் வாயாலேயே சொல்ல வேண்டும். மறுமுனையில் இருப்பவர் அதை ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். இவர் "சரி" என்ற பிறகுதான் அவர் கை சுவிட்சுக்குப் போகும். எல்லாம் பதிவாகும்.

முன்பெல்லாம் அந்தப் போனுக்கு அவ்வளவு வேலை இல்லை. எங்கேயோ இரண்டு நாடுகள் முட்டிக்கொண்டன. வரைபடத்தில் காட்டச் சொன்னால் எங்களில் பாதிப் பேர் முழிக்கும் ஒரு கடல் வழி அடைபட்டது. எங்கள் மின்நிலையங்களுக்கு எரிவாயு கொண்டுவந்த கப்பல்கள் வந்த வழியே திரும்பிப் போயின. அவர்கள் சண்டைக்கும் எங்கள் வீட்டு மின்விசிறிக்கும் என்ன சம்பந்தம் என்று பேருந்தில் ஒருவர் கேட்டார். எனக்கும் அதே எரிச்சல்தான், ஆனால் விசிறி நின்றது உண்மை.

அரசாங்கம் ஒரு தற்காலிக உத்தரவு போட்டது. ஆஸ்பத்திரிக்கும் குடிநீர் பம்புக்கும் மட்டும் விலக்கு. மற்றபடி எல்லா ஊருக்கும் முறை வைத்து மின்வெட்டு. மந்திரிகள் குடியிருக்கும் தெருவுக்கும் முறை உண்டு. ஊர் நம்பவில்லை. முதல் வாரம் மந்திரிகள் தெரு இருட்டாக இருக்கிறதா என்று பார்க்கவே ஒரு கூட்டம் போய் நின்றது. இருட்டாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஜனங்கள் திட்டுவதைக் குறைத்துக்கொண்டு, அவரவர் முறையைத் தெரிந்துகொண்டு அதற்குத் தக்கபடி உலை வைக்கப் பழகினார்கள்.

அந்த உத்தரவைப் போட்ட மின்துறை மந்திரி என் கூடப்பிறந்த அண்ணன். இதை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும், அது வேறு விஷயம். அவன் மந்திரியான அன்றைக்கே சொல்லிவிட்டேன், "எங்க ஆபீஸ் பக்கம் சிபாரிசுன்னு வந்துடாதே. வந்தா நான் உன் தங்கச்சி இல்ல." அவனும் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைக் காப்பாற்றவும் செய்தான், அந்தச் சாயங்காலம் வரை.

தற்காலிக உத்தரவு மறுநாளோடு காலாவதி. அதைச் சட்டமாக்கும் மசோதா காலையில் சபைக்கு வருகிறது. அண்ணன் கட்சிக்குச் சொந்தமாகப் பெரும்பான்மை கிடையாது. கூட்டணியில் ஒரு பெரிய மனிதர் இருந்தார். அவர் கட்சிக்கு ஆறு உறுப்பினர்கள், அதனால் நாடு முழுக்க அவருக்கு ஆறு சீட்டு என்றே பெயர். அந்த ஆறும் சேர்ந்து கையைத் தூக்கினால் மசோதா பிழைக்கும். இல்லாவிட்டால் மசோதாவும் போகும், அண்ணன் பதவியும் போகும். முறை போய்விட்டால் செல்வாக்கு உள்ளவன் ஊரில் விளக்கு எரியும், இல்லாதவன் ஊரில் எரியாது. ஆளாளுக்கு இழுத்தால் நாட்டின் மொத்த மின்கட்டமைப்பும் ஒருநாள் குப்புற விழும், அதைத் தூக்கி நிறுத்த எங்களால் லேசில் முடியாது. 

வெயில் சாயும் நேரம் அண்ணன் கண்ட்ரோல் ரூமுக்குள் வந்தான். பின்னாலேயே ஆறு சீட்டு. வெள்ளைச் சட்டை, பெரிய உடம்பு, அறையில் இருந்த எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு.

"பாப்பா, ஒரு நிமிஷம்" என்றான் அண்ணன்.

தலை நரைத்த பொம்பளையை இத்தனை பேர் நடுவில் பாப்பா என்றால் எப்படி இருக்கும். எதிர் மேஜைக்காரர் சிரிப்பை அடக்கக் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். அவர் போட்டிருந்தது செருப்பு.

"சொல்லுங்க சார்" என்றேன்.

அந்த 'சார்' அவனுக்கு உறைத்தது. குரலைத் தாழ்த்தினான். "ஐயா ஊருக்கு இன்னைக்கு முறை வருது. விளக்கு வச்சதும் அவருக்கு அங்க பொதுக்கூட்டம். இன்னைக்கு ஒருநாள் மட்டும் விட்டுடலாமான்னு கேக்கறாரு."

"கேக்கறாரா, இல்லேன்னா நாளைக்கு ஓட்டு இல்லைங்கறாரா?"

 ஆறு சீட்டு மிகப் பிரியமாகச் சிரித்தார். "தங்கச்சி வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா பேசுதே. ஒருநாள்தாம்மா. யாருக்குத் தெரியப் போகுது."

எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அண்ணன்மேல்தான் அதிகக் கோபம். சின்ன வயதில் ஒரு மிட்டாய் கிடைத்தால்கூடக் கடித்து எனக்குப் பாதி தந்தவன் இவன். அவன் கண்ணைப் பார்த்தேன். பல நாள் தூங்காத கண். பாவமாகவும் இருந்தது, அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

"நான் சொல்ல மாட்டேன்" என்றேன். "வேணும்னா நீங்க சொல்லுங்க. போன் அதோ இருக்கு. முறையை மாத்தறவங்க அவங்க வாயாலயே சொல்லணும். நீங்க கையெழுத்து போட்ட விதிதான்."

 அண்ணன் போய்ப் போனை எடுத்தான். அந்தப் போன் பேசுவது அறை முழுக்கக் கேட்கும், அதுவும் விதிதான்.

"சப்ஸ்டேஷன்" என்றது ஒரு நடுவயதுக் குரல்.

"நான் மின்துறை மந்திரி பேசறேன். இன்னைக்கு முறை வர்ற ஊரை நிறுத்த வேண்டாம்."

"மின்துறை மந்திரி பேசறீங்க. இன்னைக்கு முறை வர்ற ஊரை நிறுத்த வேண்டாம்" என்றது குரல். அதில் ஆச்சரியமும் இல்லை, கோபமும் இல்லை. "அதுக்குப் பதிலா எந்த ஊர்?"

கையில் இருக்கும் மின்சாரம் இவ்வளவுதான். ஒன்றை விட்டால் இன்னொன்றை நிறுத்தியாக வேண்டும். அதனால் இது நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, உப்பு எவ்வளவு என்று கேட்பது மாதிரி.  ஆனால் அண்ணன் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு ஆறு சீட்டைப் பார்த்தான்.

"ஐயா, விடற ஊர் உங்க ஊர். நிறுத்தற ஊரையும் நீங்களே சொல்லிடுங்க" என்று ரிசீவரை நீட்டினான்.

இது தந்திரமா, இல்லை அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெம்பில்லாமல் செய்ததா என்று பிற்பாடு பலமுறை கேட்டுவிட்டேன். சிரிக்கிறானே தவிர பிடிகொடுக்க மாட்டேன் என்கிறான்.

ஆறு சீட்டு தயங்குகிற ஆள் இல்லை. ரிசீவரை வாங்கிக்கொண்டு சுவரில் இருந்த பெரிய பலகைக்கு முன் போய் நின்றார். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சிறிய பச்சை விளக்கு. நிறுத்தினால் சிவப்பாகும். விரலை நீட்டினார்.

"இது எது?"

"நூல் மில் ஊர்" என்றேன். "நேத்துதான் அவங்க முறை முடிஞ்சது."

"மில்லு நின்னா ஆளுங்க கூலி போயிடுமே. வேண்டாம். இது?"

"துறைமுகத்துக்குப் பக்கத்து ஊர்."

"ஐயோ, அது மாமனார் ஊரு. வீட்ல சோறு கிடைக்காது." அவரே சிரித்தார். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. "இது?"

"காலேஜ் ஊர். பசங்களுக்குப் பரீட்சை நடக்குது."

விரல் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. எதிர்க்கட்சித் தலைவரின் ஊர் எது என்று கேட்டார். காட்டினேன். முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தார். போனிலிருந்து குரல் முந்திக்கொண்டது.

"ஐயா, லைன்லதான் இருக்கேன். எந்த ஊர்னு சொன்னீங்கன்னா திருப்பிச் சொல்லிடறேன். முறை இல்லாம நிறுத்தறதால முன்கூட்டி அந்த ஊர்க்காரங்களுக்கு ரேடியோவுல சொல்லணும். யார் சொல்லி நிறுத்தறோம்னும் சொல்லணும்."

ஆறு சீட்டு வாயை மூடிக்கொண்டார். யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்டவருக்கு இப்போது தெரிந்திருக்கும்.

"நீ எந்த ஊருப்பா?" என்று போனில் கேட்டார். வேறு எதையாவது பேசி நேரத்தைக் கடத்தலாம் என்று நினைத்திருப்பார்.

"உங்க ஊர்தான் ஐயா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால வீடு."

"அப்படியா. அப்போ இன்னைக்கு உன் வீட்லயும் கரண்ட் போகுமே?"

"போகும் ஐயா. வீட்ல சொல்லிட்டுத்தான் வந்தேன். சின்னவளுக்கு இருட்டுன்னா பயம். மொதல்ல ஒரே அழுகை. இப்போ பழகிட்டா. முறைன்னா போனது திரும்பி வரும்ல, அதனால பயமில்லைங்கறா."

 ஆறு சீட்டின் விரல் இன்னும் பலகைமேல்தான் இருந்தது, ஆனால் எந்த விளக்கின்மீதும் இல்லை. அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அந்த நிமிஷம் அவருக்காகவும் என் மனசு அடித்துக்கொண்டது. பொதுக்கூட்டத்தில் அவர் இருட்டில் நிற்க வேண்டும். அதிகாரம் இல்லாத ஆள் என்று ஊர் சிரிக்கும் என்று பயந்தார். அந்தப் பயத்துக்காகத்தான் ஒரு நாட்டின் மசோதாவையே பணயம் வைத்திருந்தார்.

மெதுவாகக் கையை இறக்கினார். கூட்டத்துக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லும்படி உதவியாளருக்கு ஆள் அனுப்பினார். பிறகு என்னிடம் திரும்பினார். "ஏம்மா, முறை வர்ற ஊரையும் யாராவது சொல்லித்தானே நிறுத்தணும்?"

"ஆமா. நான் சொல்லணும்."

"அதை நான் சொல்லலாமா?"

விதிப்படி அண்ணன் அனுமதிக்க வேண்டும். அண்ணன் தலையாட்டினான்.

ஆறு சீட்டு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மேடையில் பேசுகிற குரல் வரவில்லை, சாதாரணக் குரல்தான் வந்தது. தன் பெயரையும் கட்சியையும் சொன்னார். "என் ஊர் லைனை நிறுத்துங்க."

மறுமுனை பெயரையும் கட்சியையும் திருப்பிச் சொன்னது. "நம்ம ஊர் லைனை நிறுத்தறேன்."

'உங்க ஊர்' என்று வந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொல் மாறியிருந்தது. விதிப்படி நான் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு சொல்லைக்கூட நான் விட்டதில்லை. அன்றைக்கு விட்டுவிட்டேன்.

"சரி" என்றார் ஆறு சீட்டு. பலகையில் அவர் ஊர் சிவப்பானது.

அவர் உடனே போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி, அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிர் மேஜைக்காரர் தேநீர் கொடுத்தார். குடித்தார். "வந்துடும்ல?" என்று நடுவில் ஒருமுறை என்னைக் கேட்டார். "வந்துடும்" என்றேன். முறை முடிந்து அது பச்சையானபோது எழுந்து, பேசாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காரேறிப் போனார்.

அன்றைய கூட்டத்தில் அவர் என்ன பேசினார் என்பதைக் காலையில் ரேடியோவில் கேட்டேன். தன் ஊரைத் தானே தன் குரலால் நிறுத்தியதாகச் சொன்னாராம். ஊர் விடாமல் கைதட்டியதாம். இந்த முறை வைக்கும் யோசனையே ஆரம்பத்தில் தன்னுடையதுதான் என்றும் ஒரு போடு போட்டாராம். எனக்கு வந்த சிரிப்பில் வீட்டுக்காரர் சட்னியைக் கொட்டிவிட்டார்.

பத்து மணிக்கு நான் ஷிஃப்டுக்கு வந்தபோது வேறொரு தலைவலி காத்திருந்தது. நேற்றுவரை தங்கள் ஊரை விட்டுவிடும்படி சிபாரிசு பிடித்த உறுப்பினர்கள் எல்லாம் இப்போது தங்கள் ஊரைத் தாங்களே நிறுத்த வேண்டும் என்று வரிசையாகப் போன் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் போட்டோகிராபரோடு வரலாமா என்று கேட்டார். தாராளமாக வாருங்கள், வரிசையில் நில்லுங்கள் என்றேன். வீம்பு எந்தப் பக்கம் திரும்பினால் நாட்டுக்கு நல்லது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உச்சிப்பொழுதில் மேஜைப் போன் அடித்தது. பின்னணியில் சபை வராந்தாவின் இரைச்சல்.

"பாப்பா" என்றான் அண்ணன். "மசோதா பாஸ் ஆயிடுச்சு. ஆறு பேரும் கையைத் தூக்கிட்டாங்க."

"மசோதா பாஸ் ஆயிடுச்சு" என்றேன். "ஆறு பேரும் கையைத் தூக்கிட்டாங்க."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சின்ன வயதிலிருந்தே இவன் அழுவதை யாரும் பார்க்கக் கூடாது, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். இப்போதும் வராந்தாவில் ஏதோ ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று தெரிந்தது. என் கண்ணும் நிறைந்துவிட்டது. எதிர் மேஜைக்காரர் மறுபடி செருப்பில் லேஸைத் தேட ஆரம்பித்தார்.

"அண்ணா" என்றேன், அந்த அறையில் முதன்முறையாக. "நீ சரின்னு சொல்லாம நான் வைக்க முடியாது."

"சரி" என்றான்.

நான் போனை வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தேன். அன்றைய முதல் முறை மந்திரிகள் தெரு.