தறிச் சத்தத்தில் கேட்ட கேள்வி

2006-இல் எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டவனுக்கு நாற்பத்தெட்டு வயதில் சான்றிதழ் வந்தால் தலைகால் புரியுமா? செல்லூரில் நான் சூப்பர்வைசராக இருக்கும் விசைத்தறிக் கூடத்தில், முதலாளி அறைக்கு வெளியே ஆணியடித்து மாட்டினேன். 'மனநல முதலுதவியாளர் கே. துளசிராம்'. வீட்டில் மனைவி ராதாமணியிடம் எங்கள் சௌராஷ்டிர மொழியில் அளந்த அளப்பைச் சொன்னால் நாக்கு கூசும்.

எங்கள் துண்டுகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, ஷிப்டுக்கு ஒருவர் இந்தப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்றதாம். முதலாளி என்னை அனுப்பினார். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு ஹால், ஒரு நாள், மதியச் சாப்பாடு உண்டு. தமிழ்வாணி என்ற மேடம் பாடம் எடுத்தார். கூட வேலை செய்கிறவன் முகம் மாறினால் கவனியுங்கள், சாகத் தோன்றுகிறதா என்று சுற்றிவளைக்காமல் கேளுங்கள், கேட்டுவிட்டுப் புத்தி சொல்லாமல் காது கொடுங்கள், டாக்டரிடம் கூடவே போங்கள் என்றார். சாயங்காலம் பரீட்சை. 'எங்கே கேட்க வேண்டும்?' என்ற கேள்விக்கு 'தனியாக, பிறர் அறியாமல்' என்று எழுதி முழு மார்க் வாங்கினேன்.

அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தபோதே எனக்குச் சுருளி ஞாபகம் வந்துவிட்டது. சோழவந்தானிலிருந்து பஸ்ஸில் வருகிறவன், பதினோரு வருஷமாக எங்களிடம் தறி ஓட்டுகிறான். நாலு மாதத்துக்கு முன் அவன் பெண்டாட்டி மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. அதன்பிறகு இழை அறுந்தது தெரியாமல் நிற்பான். டிபன்பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும். துணி வீணாகிறதே என்று நான் அவனைக் கண்டபடி ஏசியிருக்கிறேன்.

சான்றிதழை மாட்டிய கையோடு அவன் தறிக்குப் போனேன். நாற்பது தறியும் ஓடிக்கொண்டிருந்தன. இந்தச் சத்தத்தில் யார் காதில் விழப்போகிறது என்று நினைத்தேன்.

"சுருளி, செத்துப் போயிரலாம்னு தோணுதா?"

என் வாயையே பார்த்தான். அவன் கண் நிறைந்தது. "ஆமாண்ணே" என்று உதடு அசைந்தது.

திரும்பிப் பார்த்தால், கூடமே எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் கூடத்தில் யாரும் காதால் கேட்பதில்லை. தறிச் சத்தத்தில் குரல் எடுபடாது என்பதால் எல்லாருமே உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பவர்கள். அந்தக் கோடியில் ஒருவன் டீ சொன்னால் இந்தக் கோடியிலிருந்து தலையாட்டுவோம். இருபத்தைந்து வருஷம் அப்படிப் பேசியே பிழைத்தவன் நான். அமைதியான ஹாலில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து எழுந்ததும் அது எனக்கு மறந்துபோயிற்று. மைக் வைத்துக் கேட்டிருந்தால்கூட இத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

மற்றவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் யாரையாவது ஏசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். எல்லாரும் நல்லவர்களாகவே நடந்துகொண்டார்கள். பக்கத்துத் தறி முத்திருளன் சுருளியின் சட்டைப்பையிலிருந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டான். எதிர்த் தறி பேயாண்டி அங்கே கிடந்த கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு போனான். மதியம் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, அவன் சோற்றை வாயில் வைக்கிறானா என்று பார்த்தார்கள். சுருளி பாதியில் எழுந்து, கை கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

போகிறவன் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று பயந்தேன். சான்றிதழைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடினேன். சோழவந்தான் பஸ் கிளம்பப்போகும் நேரத்தில் ஏறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மன்னிச்சிரு என்று சொன்னேன். பழக்கதோஷம், வெறும் உதட்டால்தான் சொன்னேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒருவன் பேச்சு வேண்டாம் என்றால் நாங்கள் காதைப் பொத்துவதில்லை, முகத்தைத்தான் திருப்புவோம். சமயநல்லூர் தாண்டும்வரை அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிறகு, திரும்பாமலே அவன் பேசினான். பதினோரு வருஷத்தில் அவன் குரலை நான் சரியாகக் கேட்டதே அப்போதுதான். மெல்லிய குரல்.

"நாலு மாசமா ஒருத்தரும் கேக்கலண்ணே. நீங்க கேட்டதும் வாய்ல வந்துருச்சு. இனிமே அம்புட்டுப் பேரும் என் மூஞ்சியவே பாப்பாங்க." ஜன்னலைப் பார்த்தபடியே, "தனியா கூப்ட்டுக் கேக்கணும்னு அங்க சொல்லித் தரலையா?" என்றான்.

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன்.

"சொன்னாங்க சுருளி. பரீட்சையில அதைத்தான் எழுதுனேன்."

சோழவந்தான் வந்ததும் எழுந்தான். நான் காலை ஒதுக்கி வழிவிட்டேன். இறங்கப் போனவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் ஏறியதிலிருந்து முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான்.

"வீட்டுல யாரும் இல்லண்ணே. அங்க வந்து கேளுங்க."