சேர்ந்து வந்த எண்கள்

காலை பத்தேகால். ஆம்புலன்ஸ் அழைப்புக் கூடத்தில் அழைப்பு ஓடும் மேசையைக் காட்டும் விளக்கு ஒன்றே ஒன்று பச்சையாக எரிந்தது. அது, கூடத்தில் எல்லோரும் அக்கா என்றழைப்பவளின் மேசையில். மற்ற மேசைக்காரர்கள் ஹெட்செட்டைக் கழுத்தில் இறக்கிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் ஒரு பெண். சமையலறைத் தரையில் மூச்சில்லாமல் கிடக்கும் கணவனின் நெஞ்சை அவள் அந்த எண்ணிக்கைக்குச் சரியாக அமுக்க வேண்டும். வண்டி கிளம்பிவிட்டது. அது போய்ச் சேரும்வரை அக்காவின் குரல்தான்.

குரல் ஒழுங்காகப் போகவில்லை. ஒன்றுமே கேட்காமல் இருந்து, பிறகு நாலைந்து எண்கள் முட்டிமோதிக்கொண்டு வருகின்றன என்று அந்தப் பெண் அழுதாள். அழுகையும் அப்படியேதான் வந்தது.

அவளுடைய சொந்தத் தம்பி பக்கத்து நாற்காலியில் மடிக்கணினியோடு இருந்தான். சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன். மாடியில் பூட்டிய அறையில் ஓர் இயந்திரம். அதற்குள் நான்கு மெய்நிகர் சர்வர்கள். அழைப்புகள், கோப்புகள் எல்லாம் ஒரே நெட்வொர்க் கார்டு வழியாகத்தான் போய்வந்தன. கோப்புகள் வேகமாகப் போகட்டும் என்று, வருவதைச் சேர்த்துவைத்து மொத்தமாகத் தள்ளும்படி யாரோ அதை அமைத்திருந்தார்கள். சற்று முன் இதை அவன் விளக்கியபோது அக்கா சிரித்தாள்.

“ஆள் சேர்ந்தாத்தான் எடுப்பேன்னு நிக்கிற வேன். அவ்ளோதானே? இதுக்காடா உன்ன அத்தனை வருஷம் படிக்க வெச்சாங்க?”

பேச்சுக்கு அந்த ஏற்பாடு ஆகாது. மாற்றுவதென்றால் கார்டை ஒருமுறை அணைத்துத் திறக்க வேண்டும். சில நொடி எல்லா அழைப்பும் ஊமையாகும். நிமிடக்கணக்கில் நீண்டால் அறுந்துவிடும். எல்லா விளக்கும் அணையும் நேரம் பார்த்துச் செய்யலாம் என்றுதான் மாடிக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்தான். அப்படி ஒரு நேரம் வரவில்லை.

அக்கா திரும்பாமலே அவன் தோளைத் தொட்டாள். கொஞ்ச நேரம் தன் குரல் கேட்காது, விடாமல் தானாக எண்ணி அமுக்க வேண்டும், திரும்பி வந்துவிடுவேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். பிறகு அவனிடம்,

“செய்டா.”

அணை, மாற்று, திற. மூன்றே கட்டளைகள். கை பழகியவை. முதல் வரியை அடித்தான். திரை உறைந்தது.

பராமரிப்புக்கென்று இருந்த தனிக் கேபிள் போன வாரம் பழுதானது. புதிது வரும்வரை இருக்கட்டும் என்று அந்த இணைப்பையும் இதே கார்டுக்கு மாற்றியவன் அவன்தான். எந்த வழியாகப் போய்த் திறக்க வேண்டுமோ அதையே அணைத்துவிட்டான்.

“என்னாச்சு?”

அவன் ஓடினான். லிஃப்டுக்கு நிற்கவில்லை. மாடியில் சாவி உள்ளே போகவில்லை; தலைகீழாகப் பிடித்திருந்தான். அறைக்குள் விசிறிகளின் இரைச்சல். இயந்திரத்தோடு நேராக இணைந்த விசைப்பலகையில் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தான். கையை எடுத்து, மூச்சு விட்டு, மறுபடி அடித்தான். மாற்று. திற. கார்டின் முதுகிலிருந்த சிறு விளக்குகள் இருட்டாகவே இருந்தன. ஒரு புள்ளி மின்னியது. பிறகு விடாமல் மின்னத் தொடங்கியது.

கீழே எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். எண்ணிக்கொண்டிருந்தாள். யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் அவள் நிறுத்தவில்லை என்பது, குரல் கம்மிப்போயிருந்ததில் தெரிந்தது. விளக்கு பச்சையாகவே இருந்தது.

அவனைப் பார்த்ததும் எண்ணுவதை விட்டாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

மறுமுனையில், அந்தச் சமையலறையில் எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாக, அதனதன் நேரத்தில், தெளிவாக விழுந்தது. வேறு சத்தம் இல்லை; அந்தப் பெண் எண்ணும் குரலும் இல்லை.

அக்கா மைக்கை வாயருகே இழுத்தாள்.

“அம்மா, நான் வந்துட்டேன். நீங்க எண்ணுறது எனக்குக் கேக்கணும். எண்ணுங்க.”