கவுன்சிலர் வரிசையில் ஓர் இடம்

தென்லண்டனில், மிச்சம் என்கிற ஊருக்குப் பக்கத்தில், கவுன்சிலின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. வாசலில் நுழைந்து வலக்கைப் பக்கம் திரும்பினால் பழைய மேயர்களும் கவுன்சிலர்களும் வரிசையாகக் கிடப்பார்கள். உயிரோடு இருந்த காலத்தில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்களுக்குக்கூட அங்கே பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. ஒருவருடைய கல்லில், இருபது வருடம் வடிகால் கமிட்டிக்குத் தலைமை தாங்கியவர் என்று அழகாகச் செதுக்கியிருக்கிறது. செத்த பிறகும் மனுஷன் சாக்கடையை விட்டபாடில்லை என்று கவுன்சிலர் பாலேந்திரா அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பார்.

பாலேந்திராவுக்கு அந்தத் தோட்டம் அத்துபடி. 1990 தேர்தலில் வென்று அவர் உள்ளே போனபோது, வீடமைப்பு, கல்வி என்று பேர் வாங்கக்கூடிய கமிட்டிகளை எல்லாம் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். புதிதாக வந்த தமிழன்தானே என்று பூங்காவையும் கல்லறையையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். மனுஷன் முகம் சுளிக்கவில்லை. வேலியையும் தண்ணீர்க் குழாயையும் பார்க்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் புறப்பட்டுவிடுவார், மனைவி சிவகௌரியையும் இழுத்துக்கொண்டு. ஊரில் உள்ள புருஷன்மார் எல்லாம் பெண்சாதியைக் கடைக்குக் கூட்டிப்போக, தன்னை இவர் சவக்காலைக்குக் கூட்டிப்போகிறாரே என்று அவள் முணுமுணுப்பாள். ஆனால் போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வரிசையின் கடைசியில், ஒரு வேலியோரம் நின்று, "இந்த இடத்தை வாங்கிப்போட்டன்" என்றார்.

அவளுக்குப் பக்கென்றது. "எரிக்கிற சனத்திலை பிறந்துபோட்டு உங்களுக்கு என்னத்துக்கு இது?"

"நிமலன் வந்தா எங்கை தேடுவான் எண்டு யோசிச்சனீரே?"



நிமலன் அவர்களுடைய ஒரே மகன். பாலேந்திரா ஊரில் பட்டினசபை உறுப்பினராக இருந்தவர். அந்தக் காலத்தில் அந்தப் பதவியில் இருப்பதும் ஒன்றுதான், நெற்றியில் குறி வைத்துக்கொண்டு தெருவில் நடப்பதும் ஒன்றுதான். கூட இருந்த உறுப்பினர் ஒருவரை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள். அவருடைய செத்தவீட்டுக்குப் போகவே சனம் பயந்தது; எங்கே கொண்டுபோய் எரித்தார்கள் என்று கேட்கக்கூட ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1984 முடிவில் பாலேந்திராவும் சிவகௌரியும் லண்டனுக்கு வந்தார்கள். பரீட்சை முடியட்டும் என்று மகனைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். அடுத்த வருடம் விசா எடுக்கக் கொழும்புக்கு பஸ் ஏறினான். பஸ் போய்ச் சேர்ந்தது. அவன் போய்ச் சேரவில்லை. இராணுவம் நாங்கள் இல்லை என்றது. மற்றப் பக்கமும் நாங்கள் இல்லை என்றது. கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள்.

"அவனிட்டை இருக்கிறது எங்கடை பழைய ஹவுன்ஸ்லோ அட்ரஸ்" என்றார் பாலேந்திரா. "அந்த வீட்டையே இடிச்சுப்போட்டாங்கள். இனியும் நாங்கள் எத்தினை வீடு மாறப்போறமோ தெரியாது. செத்தவன் ஒருத்தன்தான் இடம் மாறமாட்டான். நான் இஞ்சை கிடந்தா, அவன் எந்தக் காலம் வந்தாலும் டவுன் ஹோலிலை என்ரை பேரைச் சொல்லிக் கேட்டாக் காணும். கவுன்சிலர்மாரின்ரை வரிசை எண்டு கையைக் காட்டிவிடுவினம். எரிச்சுப்போட்டா என்னத்தைக் காட்டுவினம்? புகைக்குழாயையோ?"

அன்று அவள் வீட்டுக்கு வந்து, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். மகன் உயிரோடு இருக்கிறான் என்று அவரும் நம்புகிறார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தான் மட்டும்தான் பைத்தியம் என்று அதுவரை நினைத்திருந்தாள்.

1994 மாசியில், கூட்டமொன்றுக்குப் போக பஸ் தரிப்பில் நின்ற பாலேந்திரா அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

வீட்டுக்குள் சனம் நிறைந்தது. நடு சோபாவில் அம்பலவாணன் இருந்தார். பாலேந்திராவின் அண்ணன், நோர்பரியில் கடை, கோயில் காரியம் என்றால் முன்வரிசை ஆள். தகப்பன் இல்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அழுது அழுது அவருடைய கண் இரண்டும் சிவந்துபோயிருந்தன. இருந்தாலும் அதிகாரம் குறையவில்லை.

"பிள்ளை, சைவக்காரனைச் சவக்காலையிலை புதைக்கிறதோ? சந்நியாசிமாரைத்தான் நாங்கள் மண்ணிலை வைக்கிறது. இவன் எப்ப சந்நியாசம் வாங்கினவன்?"

"அவர் ஆசைப்பட்டவர், அத்தான். இடமும் வாங்கி வைச்சிருக்கிறார்."

"அவன் ஆயிரம் ஆசைப்படுவான். மேயர்மாரோடை சேர்ந்து படுக்க வேணும் எண்டு ஒரு பெருமை. அவ்வளவுதான்."

அப்போது அவள் காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நிமலன் என்ற பெயரை எடுத்தாலே சபையில் குரல்கள் தணிந்துவிடும். பாவம் என்கிற ஒரு பார்வை அவள் மேல் வந்து விழும். இன்னும் பெடியன் வருவான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று சமையலறையில் கதைப்பார்கள். ஒன்பது வருடமாக அதைத் தின்று அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. புருஷனின் உடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையும் தாங்க அவளால் முடியாது.

அடுத்த வீட்டு மெற்றில்டா அக்காதான் இடையில் புகுந்தாள். அவளுடைய புருஷன் யேசுரட்ணம் அதே தோட்டத்தில்தான் கிடக்கிறார். "எரியுங்கோ. எரிச்ச சாம்பலை அந்த இடத்திலை வைச்சுக் கல்லை நாட்டுங்கோ. வெள்ளையள் அப்பிடித்தானே செய்யினம். ரெண்டு பக்கமும் சரி."

அம்பலவாணன் தாடையைத் தடவிக்கொண்டு, "சரி, பார்ப்பம்" என்றார்.

நம் ஆட்கள் பார்ப்பம் என்றால் அதற்கு ஓம் என்றும் பொருள் இல்லை, இல்லை என்றும் பொருள் இல்லை. இப்போதைக்கு வாயை மூடு என்றுதான் பொருள். சிவகௌரிக்கு இது தெரியாததா? ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஓம் என்பதுதான் தேவையாக இருந்தது. அதையே எடுத்துக்கொண்டாள்.

தகனம் நடந்தது. மகன் இல்லாத இடத்தில் அண்ணன் நின்று பொத்தானை அழுத்தினார். கவுன்சிலில் இருந்து மாலை வந்தது. செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியை முடிந்த அடுத்த வாரம், மேயர் வந்து நிற்க, சாம்பலை வைத்துக் கல் நாட்டலாம் என்று நாளும் குறித்தார்கள்.

சாம்பலை எடுத்துவரும் நாளில்தான் அவள் இன்னொரு பிழை விட்டாள். அம்பலவாணன் காரில் இருந்தபடி, "வீட்டுக்குக் கொண்டுவரட்டோ?" என்று நியாயமாகத்தான் கேட்டார். சுடலைச் சாம்பல் படி தாண்டி வீட்டுக்குள் வரக்கூடாது. பிறந்ததிலிருந்து அவள் கேட்டு வளர்ந்தது அது. அதுவும் விளக்கு எரிகிற வீடு. ஒரு வெள்ளைக்காரி என்றால் வாங்கி அலமாரியில் வைத்து, பக்கத்தில் பூவும் வைத்திருப்பாள்.

"வேண்டாம் அத்தான். உங்கடை கராஜிலை வையுங்கோ. நாள் வர எடுப்பம்" என்றாள் சிவகௌரி. தன் வாயாலேயே சொன்னாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி குறைவில்லாமல் நடந்தது. ஐயர் மந்திரம் சொன்னார், அம்பலவாணன் தர்ப்பை கட்டிய கையோடு இருந்து எல்லாம் செய்தார், பாலேந்திராவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியல் வைத்துப் படைத்தார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, பாலேந்திரா நல்ல மனுஷன் என்று சொல்லிப் போனார்கள். அம்பலவாணன் மட்டும் அவள் முகத்தைப் பாராமல் போனார். களைப்பு என்று அவள் நினைத்தாள்.

அடுத்த நாள் மெற்றில்டாவின் காரில் நோர்பரிக்குப் போனாள். அம்பலவாணன் கராஜ் கதவைத் திறக்கவில்லை. முன்னறையில் இருக்கச் சொன்னார். தேத்தண்ணீர் வந்தது. அதையும் குடித்தாயிற்று.

"அத்தான், சாம்பலைத் தாங்கோ. நேரம் போகுது."

அவர் கைகளைப் பிசைந்தார். "இல்லைப் பிள்ளை."

"என்ன இல்லை?"

"பிரைட்டனுக்குக் கொண்டுபோய்க் கடலிலை கரைச்சுப்போட்டன். அந்தியேட்டிக்கு முதல் நாள்."

 மெற்றில்டா சிவகௌரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆரைக் கேட்டுச் செய்தனீங்கள்?"

"ஐயர் சொன்னவர், கரைக்காமல் அந்தியேட்டி செய்யேலாது எண்டு. மண்ணுக்குள்ளை வைச்சா அவன் கரையேறமாட்டான். நான் தூக்கி வளர்த்த தம்பி. அவனை நடுவழியிலை நிப்பாட்ட எனக்கு ஏலாது, பிள்ளை. உம்மட்டைச் சொன்னா நீர் விடமாட்டீர். அதுதான் சொல்லாமல் செய்தனான்." அவர் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "தண்ணி குளிர் எண்டா அப்பிடிக் குளிர். இடுப்பளவுக்கு இறங்கித்தான் விட்டனான்."

அவளுக்கு வந்த கோபத்தில் அந்தக் கிழவரை அங்கேயே சபித்திருப்பாள். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் ஒரு பாட்டம் ஏசிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். இது பாசத்தில் செய்த அநியாயம். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் சொன்னாள். மகன் வந்தால் தேடிவர ஓர் இடம் வேண்டும் என்று பாலேந்திரா வாங்கியதை, வீடு மாறும், செத்தவன் மாறமாட்டான் என்று அவர் சொன்னதை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

அம்பலவாணன் வெறும் தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துத் திரும்ப வைத்தார். பிறகு, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பிள்ளை. நான் மேயர் பெருமைக்கு எண்டெல்லோ நினைச்சன்" என்றார்.

"கேட்டிருக்கலாமே, அத்தான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே, "கோயிலிலை ஓமகுண்டச் சாம்பல் கிடக்கு. அதைக் கொஞ்சம் போட்டு மூடி வைச்சா மேயருக்கோ தெரியப்போகுது?" என்றார்.

மெற்றில்டா சிலுவை போட்டுக்கொண்டாள். சிவகௌரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. காரில் வரும்போது அதையே யோசித்தாள். உண்மையில் என்ன கெட்டுப்போகும்? கல்லில் பெயர் இருக்கும். வருகிறவன் மண்ணைத் தோண்டியா பார்க்கப்போகிறான்? ஆனால் ஓமச் சாம்பலுக்கு முன்னால் மகன் வந்து நின்று அப்பா என்று கூப்பிடுவதை நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு கொதித்தது. இல்லாதவனை இருக்கிறான் என்று ஏமாந்து நிற்பது எப்படி இருக்கும் என்று உலகத்தில் வேறு யாருக்கும் அவள் அளவுக்குத் தெரியாது.

இரவு படுத்துக் கிடக்கையில் அந்த நினைப்பையே அவள் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம். வாசல் மணி அடித்தால் ஓடியதும், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பாயாசம் வைத்ததும், விமான நிலையத்தில் இளந்தாரிகளின் முதுகைப் பார்த்துப் பார்த்து நின்றதும் ஒவ்வொன்றாக வந்தன. அவர் போய்விட்டார். இனி இந்த நம்பிக்கையைத் தனியே சுமக்கத் தனக்குத் தெம்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் பயமாக இருந்தது.

காலையில் கல்லறைத் தோட்ட அலுவலகத்துக்குப் போனாள். தானும் வருவேன் என்று அம்பலவாணன் வந்து காரில் ஏறிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அலுவலகத்தில் இருந்தவர் கொலின்ஸ் என்கிற வெள்ளைக்காரர். பாலேந்திராவோடு நாலு வருடம் வேலியும் குழாயும் பார்த்தவர். எழுந்து நின்று கை கொடுத்தார். சாம்பல் இல்லை, கடலில் கரைத்தாயிற்று என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அம்பலவாணன் சுவரைப் பார்த்தார்.

"அப்படியானால் நாங்கள் எதை உள்ளே வைப்பது?" என்று கொலின்ஸ் பணிவாகக் கேட்டார்.

"ஒன்றும் வைக்க வேண்டாம். கல் மட்டும் நாட்டுங்கள்."

அவர் கொஞ்சம் யோசித்தார். உள்ளே யாரும் இல்லாவிட்டால் இங்கே உறங்குகிறார் என்று செதுக்க முடியாது. நினைவாக என்றுதான் தொடங்க வேண்டும் என்றார். நல்லது, அப்படியே தொடங்குங்கள் என்றாள் சிவகௌரி. கவுன்சிலர் பாலேந்திரா, பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, எல்லாம் சொன்னாள். கொலின்ஸ் எழுதிக்கொண்டார்.

"அதற்குக் கீழே இன்னொரு பெயர்" என்றாள். "பாலேந்திரா நிமலன். 1966."

கொலின்ஸ் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

ஒன்பது வருடமாக அந்தப் பெயரையும் சாவையும் அவள் ஒரே வரியில் வைத்ததில்லை.  மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"1985."

அம்பலவாணன் பதறி எழுந்தார். நாற்காலி சரிந்தது. "பிள்ளை, வேண்டாம். கல்லிலை வெட்டினா வெட்டினதுதான். அவன் எங்கையும் உயிரோடை இருந்தா?"

"இருந்தா வந்து அழிக்கட்டும், அத்தான்" என்றாள் சிவகௌரி.