கலியமூர்த்தியின் வயிறும் நகராத ஃபைலும்

1

இதை நான் யோசித்து உருவாக்கவில்லை. 2006இல் ஒரு கிளினிக்கில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தபோது, தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவர் டாக்டரிடம் பேசியதை ஒட்டுக்கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. பெயரை மாற்றிவிட்டேன், வயிற்றை மாற்றவில்லை. மீதி கற்பனை.

முதல் தொடக்கம்: ‘புதுச்சேரிக் கடற்கரையில் பொழுது மெல்லச்...’

(அடித்துவிட்டேன். வயிற்றுப்போக்குக் கதைக்கு எதற்கய்யா கடற்கரை?)

2

அரியாங்குப்பம் கலியமூர்த்தி, அரசு குமாஸ்தா. அவருக்கு ஐ.பி.எஸ். என்கிற குடல் கோளாறு. ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. பதற்றம் வந்தால் கழிப்பறைக்கு ஓட வேண்டும். மகள் கலைவாணிக்கு வந்த இரண்டு சம்பந்தத்திலும் தட்டு மாற்றும் நேரத்தில் எழுந்து ஓடினார். பெண்ணைப் பெற்றவனுக்கே இஷ்டமில்லை போல என்று இரண்டு வீட்டாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். இப்போது ரெட்டியார்பாளையத்தில் மூன்றாவது வரன். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். இதுவும் போனால் அவர் தாங்க மாட்டார்.

3

அந்த கிளினிக்கின் டாக்டர் ஆஷ்லின் அவருக்கு ஹிப்னாடிசம் செய்தார்.

“கைய வயித்து மேல வைங்க சார். சூடு உள்ள எறங்குது. எதிர்ல ஒரு ஆறு, தடையில்லாம ஓடுது...”

கலியமூர்த்தி ஓடினார். திரும்பி வந்து சொன்னார்: “சின்ன வயசுல ஆத்தங்கரைக்கு எதுக்குப் போவோம்னு உங்களுக்குத் தெரியாதும்மா.”

“சரி, எங்க இருந்தா நிம்மதியா இருக்கும்?”

“ஆபீஸ் ரெக்கார்டு ரூம்லதான். பதினேழு வருஷமா ஒரு ஃபைல் நகரல.”

அதையே சொல்லி மயக்கத்தில் ஆழ்த்தினார். நான்கு நாள் வயிறும் நகரவில்லை.

(மிகை என்பீர்கள். நீங்கள் ஒரு சான்றிதழுக்காக அலைந்ததில்லை.)

கடைசியில் சமரசம் ஆயிற்று: ஒரே ஒரு ஃபைல், மேசைக்கு மேசை கையெழுத்து வாங்கிக்கொண்டு, காலையில் மட்டும் நகரும். தினமும் இருபது நிமிடம் கண்ணை மூடி அதைப் பார்த்தார். மூன்று வாரத்தில் அவர் குடல், அவர் அலுவலகத்தில் எவரும் காட்டாத ஒழுங்கைக் காட்டியது.

4

மண்டபம். தட்டு கைக்கு வந்துவிட்டது. வயிறு முனகுகிறது. ஃபைல், ஃபைல் என்று கண்ணை மூடுகிறார்.

முடிவு அ: அடக்கிக்கொண்டார். கல்யாணம் நடந்தது. (புளுகு. வியாதிக்காரர்கள் என்னை அடிக்க வருவார்கள்.)

முடிவு ஆ: ஓடினார். கலைவாணி அழு... (முடியவில்லை. அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்?)

நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே கலைவாணி எழுந்துவிட்டாள். நான் எழுதிக்கொடுத்த வசனமில்லை இது:

“எங்கப்பாவுக்கு வயிறு சரியில்ல. பயந்தா இப்படி ஆவும். என் மேல அவ்ளோ ஆச, அதான் பயம். பத்து நிமிஷம் எல்லாரும் காப்பி குடிங்க. அப்பா, நீ போய்ட்டு வா.”

அவர் போனாரா, அந்த வார்த்தையிலேயே வயிறு அடங்கிவிட்டதா என்று சொல்ல மாட்டேன். அது அவர் சொந்த விஷயம்.

எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். இந்த மாப்பிள்ளை வீட்டார் என்று இதுவரை ஒருவரைக்கூட நான் எழுதவில்லை. அந்த நாற்காலிகளில் உங்களைத்தான் உட்கார வைத்திருக்கிறேன். காப்பி வந்துவிட்டது. குடிக்கிறீர்களா, கிளம்புகிறீர்களா?