பன்னிரண்டு சொட்டு

படம் பார்க்க ஊரே வந்திருந்தது. ஞாயிறு மதியக் காட்சி. பங்குச் சாமியார்கூடக் கடைசி வரிசையில் கைக்குட்டையால் முகத்தை மறைத்தபடி உட்கார்ந்திருந்தார். எல்லாம் என் வீட்டுக்காரர் ஆன்செல்மின் மகிமை. பெண்டாட்டியைத் தீர்த்துக்கட்ட ஒருவன் எப்படித் திட்டம் போடுவான் என்று கேட்டு, பாரிசிலிருந்து ஒரு இயக்குநர் போன வருஷம் எங்கள் மருந்துக்கடைக்கு வந்தார். பின்னறையில் ஆன்செல்மும் அவரும் மூன்று மதியம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். கடையை நான் பார்த்துக்கொண்டேன். என்றைக்குத்தான் நான் பார்க்கவில்லை?

திரையில் ஆன்செல்மின் பெயர் வந்ததும் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அரை மணி போயிருக்கும். படத்தில் ஒருத்தி தூக்கமருந்தைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே சத்தமாக எண்ணினாள். பன்னிரண்டு சொட்டு. அவள் புருஷன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கூடவே எண்ணினான். அவன் போட்ட கணக்கு இது: செவ்வாய்க்கிழமை வேலைக்காரி வரமாட்டாள். டாக்டருக்குக் கண் மங்கல். மறதியில் இரண்டாம் தடவையும் குடித்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்.

பக்கத்திலிருந்த கசாப்புக்கடை இவெத் என் விலாவில் இடித்தாள். "அடியே ஓதீல், உன் வீட்டுக்குள்ளயே வந்து படம் புடிச்சுட்டாங்களா? அதே சொட்டு, அதே செவ்வாய்க்கிழமை!" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அப்புறம் அவள் என் பக்கமே திரும்பவில்லை.

கடைசியில் போலீஸ் அவனைப் பிடித்தது. விளக்கைப் போட்டார்கள். நானும் எனக்கு மறுபக்கம் இருந்த ஆன்செல்மும் எழுந்திருக்கவில்லை.

"மூணு மதியத்துல யோசிச்சதா இது?" என்று கேட்டேன்.

ஆன்செல்ம் தொப்பியை மடியில் திருப்பிக்கொண்டே இருந்தார். "இல்ல. முன்னாடியே. உங்கப்பா செத்த வருஷம். விளையாட்டாத்தான் ஆரம்பிச்சேன். குளிர்காலம் பூரா ஓடுச்சு."

பதினெட்டு வருஷம் இந்த மனுஷனுக்கு சூப் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். எவளோ ஒருத்திமேல் ஆசைப்பட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"அப்புறம் ஏன் செய்யல?"

"கடைய யாரு பாத்துக்கறது?"

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பாவி, உண்மையைத்தான் சொன்னார்.

"படத்துல மாட்டிக்கிட்டானே. எங்க தப்பு பண்ணான்?"

"அது அவங்களாச் சேத்தது. நான் சொன்னதுல மாட்டவே மாட்டான்." நிஜமாகவே மனத்தாங்கல் அவருக்கு.

வாசலில் அவர் கையைக் குலுக்க ஜனம் காத்திருந்தது. அவர் எழுந்து, எப்போதும்போல என் கோட்டை விரித்துப் பிடித்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவருக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கையை நுழைத்தேன். பிறகு மற்றதை. கழுத்துப்பட்டையை அவர் விரல்கள் மெதுவாக நீவிச் சரிசெய்தன.